சடை போட்ட சாட்சி

டிர்ர்ரிங்... டிர்ர்ரிங்...

காலை ஆறு மணி பத்து நிமிடம்.

ஆந்திராவில், சித்தூர் பக்கம் புத்தலப்பட்டு மெயின்ரோட்டை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டுக்குள் செல்போன் அலறியது.

அம்சவேணி உடனே எடுக்கவில்லை. அவள் வாயில் ஒரு மடக்குக் கஞ்சி. கடைசி கீமோ ஏறிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மடக்கை உள்ளே அனுப்ப முழுசாக ஒரு நிமிடம் பிடித்தது.

விழுங்கினாள். எடுத்தாள்.

"யாரு?"

"அம்சவேணி அக்காவா?"

ஆண் குரல். மூச்சு வாங்கியது.

"ஆமா. பேசறது யாரு?"

"பேரு வேணாம்க்கா... திருப்பதி மேகவர்ஷா ஆஸ்பத்திரில ரெக்கார்டு ரூம்ல வேலை செய்யறேன். உங்க ஃபைல்ல புதுசா ஒரு பேப்பர் முளைச்சிருக்குது!"

அம்சவேணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னா பேப்பரு?"

"கட்டியில ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாராம். நீங்க முடியாதுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்களாம். நாளைக்குக் கோர்ட்ல குடுக்கப் போறாங்க."

"நானா? கையெழுத்தா? அந்த ஆளு என் கட்டியைத் தொட்டுக்கூடப் பாக்கலையேய்யா!"

"அது பொய்ப் பேப்பர்னு எனக்குத் தெரியும்க்கா. எப்படின்னு போன்ல கேக்காதீங்க. பத்தரைக்கு ஆஸ்பத்திரி பின்கேட்டு டீக்கடைக்கு வாங்க. காப்பி தர்றேன். வக்கீலம்மாவையும் கூட்டிகினு வாங்க. அப்புறம்... மறக்காம அந்த ஏப்ரல்..."

டொக்!

இணைப்பு செத்துப்போனது.

அம்சவேணி போனையே பார்த்தாள். பயம் வரவில்லை. வந்தது கோபம்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சித்தூர் ரோட்டில் இருக்கும் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பதினெட்டு சீசன் வேலை பார்த்தவள். பெல்ட்டில் ஓடி வரும் பழங்களை விரலால் ஒரு தொடு தொடுவாள். மேலே தங்கமாக மின்னும் பழத்துக்கு உள்ளே அழுகல் இருந்தால், அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். எடுத்துக் கூடையில் வீசிவிடுவாள்.

அதே விரல்தான் போன வருடம் ஜனவரியில் அவளுடைய இடது மார்பில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டியைக் கண்டுபிடித்தது.

மேகவர்ஷாவுக்கு ஓடினாள். டாக்டர் கமலக்கண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வயசாவுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதினார்.

ஏப்ரலில் கட்டி நெல்லிக்காய் ஆனது. மறுபடி ஓடினாள். இந்தத் தடவை டாக்டர் தலைக்குப் பவுடர் எழுதினார்.

ஆமாம்... மார்பில் கட்டி என்று போனவளுக்குத் தலைக்குப் பவுடர்!

செப்டம்பரில் வேலூருக்குப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. 'மூன்றாவது கட்டம்' என்றார். 'ஜனவரியிலேயே வந்திருந்தால்...' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கேஸ்.

"போவாத அம்சா," என்றான் புருஷன் கன்னையா, பஸ் ஸ்டாப்பில் அவளை இறக்கிவிட்டுக்கொண்டே. "பெரிய ஆளுங்க. நமக்கெதுக்கு?"

"ஏன்யா, நான் இன்னா அவங்க நைனா சொத்தையா கேக்கறேன்? தப்பு பண்ணியேன்னு கேக்கறேன். ஒத்துகினா வூட்டுக்கு வந்துடுவேன்."

"ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துக்க வைப்பேன்!"

திருப்பதி பஸ் வந்து நின்றது.

2

சித்தூரிலேயே ஏறி இடம் பிடித்து வைத்திருந்தாள் வக்கீல் ரோஹிணி. நகரிக்காரி. முப்பத்தொரு வயது. கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

கண்டக்டரிடம் இருவரும் ஆதாரைக் காட்டினார்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜீரோ டிக்கெட் இரண்டு கிழிந்து வந்தது.

"இந்தக் கேசுல நமக்கு ஃப்ரீயா கிடைச்சது இது ஒண்ணுதான்க்கா," என்றாள் ரோஹிணி.

"போன்ல ஏதோ ஏப்ரல்னான். அதுக்குள்ள கட் ஆயிடுச்சு."

"ஏப்ரல் சீட்டா இருக்கும். நம்ம ஃபைல்லதான் இருக்குது. அவங்களும் அதை ஒத்துகினாங்க... எங்க டாக்டர் எழுதினதுதான்னு. அதுல இன்னாக்கா விசேஷம்?"

"பவுடர்தான் விசேஷம்!"

பத்து இருபத்தைந்துக்கு இருவரும் டீக்கடையில் இருந்தார்கள்.

பத்து நாற்பது.

பத்து ஐம்பது.

எவனும் வரவில்லை.

"ஏமாத்திட்டானா...?" ரோஹிணி வாயைத் திறந்தாள்.

"ஐயோ... வாம்மோ...! எவரைனா ரண்டி...!"

யாராவது வாங்களேன் என்று ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து தெலுங்கில் ஒரு நர்ஸின் அலறல், மதில் தாண்டி வந்தது!

அம்சவேணி ஓடினாள். ஆறு கீமோ உறிஞ்சின உடம்பு... இருந்தாலும் ஓடினாள்.

பின்கேட். தாழ்வாரம். தரைக்குக் கீழே இறங்கும் படிக்கட்டு.

அடிப்படியில் ஓர் ஆள் ஒருக்களித்துக் கிடந்தான். மஞ்சள் சட்டை. தலைக்குக் கீழே சிவப்பாக ஒரு குளம் பரவிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் குத்தியிருந்த பட்டையில் பெயர்... திலீப், ரெக்கார்ட்ஸ்.

செத்துவிட்டானா?

அம்சவேணி படியிறங்கிக் குனிந்தாள். அவன் முகத்தைத் திருப்பினாள்.

கண் இமை துடித்தது!

"தம்பி... நான்தான்பா, அம்சவேணி!"

உதடு அசைந்தது. "அக்கா... ஏப்ரல்... ஏப்ரல் சீட்டு... மேல் வரி..."

கண் செருகிவிட்டது.

அவன் வலதுகை முஷ்டி இறுகியிருந்தது. விரல்களுக்கு இடையே ஒரு நீல நாடா தொங்கியது. அறுந்த நாடா. இந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுகிற அதே நாடா.

ஆனால் திலீப்புக்குத்தான் கழுத்து நாடாவே இல்லையே... சட்டையில் குத்துகிற பட்டைதானே!

ரோஹிணியும் அதைப் பார்த்தாள். செல்போனை எடுத்து முதலில் 108க்குச் சொன்னாள். பிறகு... க்ளிக்... க்ளிக்...

"நகருங்க, நகருங்க! யாரு இவங்களை உள்ள வுட்டது?"

மேலிருந்து இறங்கினான் ஜெனரல் மேனேஜர் பிரபாகர். ஆறடி உயரம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. காலர் மட்டும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"தண்ணி சிந்தி இருந்திருக்குது. வழுக்கி விழுந்துட்டான் பாவம். ஐசியுவுக்குத் தூக்குங்க!"

"தொடாத!"

அம்சவேணி போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் பிடித்த இரண்டு பேரும் உறைந்தார்கள்.

"108க்குப் போன் பண்ணிட்டோம். அது வரட்டும். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்."

பிரபாகர் சிரித்தான். "ஏம்மா, அப்ப இது இன்னா? மளிகைக் கடையா?"

"நான் மாருல கட்டின்னு வந்தேன். தலைக்குப் பவுடர் எழுதினீங்க. இவன் தலைல அடிபட்டுக் கெடக்கறான். கால்ல மருந்து தடவி அனுப்பிடுவீங்க!"

யாரோ ஒரு நர்ஸ் 'களுக்' என்றாள். பிரபாகர் திரும்பிப் பார்த்ததும் அவள் சிரிப்பு காணாமல் போனது.

தூரத்தில் சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸ் திலீப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. முஷ்டி இன்னும் திறக்கவில்லை. நீல நாடா அவனோடு போனது.

3

"அஞ்சு நிமிஷம் என் ரூமுக்கு வாங்கம்மா," என்றான் பிரபாகர். குரலில் இப்போது தேன்.

ஏசி அறை. கண்ணாடி மேஜை. இரண்டு டம்ளர் பாதாம் பால் வந்தது. இருவருமே தொடவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டு. எதுக்கும்மா இழுக்கணும்? பத்து லட்சம். இன்னைக்கே செக்கு."

ரோஹிணியின் புருவம் ஏறியது. அம்சவேணி முகம் அசையவில்லை.

"சும்மாவா தருவீங்க?"

"ஒரே ஒரு கையெழுத்து." ஒரு தாளை நகர்த்தினான். "டாக்டர் டெஸ்ட்டு பண்ணச் சொன்னாரு, நாந்தான் பயந்துகினு வேணாம்னுட்டேன்... அவ்வளவுதான்."

அம்சவேணி தாளைப் பார்த்தாள். அதில் அவள் பெயர் ஏற்கெனவே டைப் அடிக்கப்பட்டிருந்தது.

"அதாவது, நான் செத்தா அதுக்கு நானே காரணம்னு நானே எழுதிக் குடுக்கணும்?"

"அய்யய்யோ, அப்படி இல்ல..."

"சார், நான் மாங்கா ஃபாக்டரி. ஒரு நாளைக்கு அம்பதாயிரம் காய் இந்தக் கைல ஓடும். அதுல ஒரு அழுகலை வுட்டுட்டா சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் கேப்பான். 'பழம்தான் என்கிட்ட சொல்லலை'ன்னு நான் சொன்னா வுடுவானா? உங்க டாக்டருக்கு நான் வாயைத் தொறந்து சொன்னேன் சார்! பழமே பேசுச்சு!"

தேன் வற்றியது. பிரபாகர் நாற்காலியில் சாய்ந்தான்.

"சரி. நாளைக்கு இந்தக் கீமோ மொட்டையோட போயி நில்லு. ஜட்ஜு பாவம் பாப்பாருன்னு நெனைப்பா? பேப்பர் எங்க பக்கம் இருக்குது. பேப்பர் பேசும்."

அம்சவேணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மழமழவென்ற தலை டியூப்லைட்டில் மின்னியது.

"மொட்டையைச் சொல்லி என்னை அசிங்கப்படுத்த முடியாது சார். ஏழுமலையானுக்கே முடி குடுத்தவ நான். உங்களுக்கா மறைப்பேன்?"

எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"ஆமா... இங்க எல்லாரும் கழுத்துல நீலக் கயிறு மாட்டிகினு இருக்காங்க. உங்களுது எங்க சார்?"

பிரபாகரின் கை அனிச்சையாகக் கழுத்துக்குப் போனது.

அங்கே ஒன்றும் இல்லை!

4

திரும்பும் பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. திருப்பதி போலீஸில் ரோஹிணி புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். நாடா போட்டோவும் போயிருந்தது. 'அவன் கண் விழிக்கட்டும்' என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

ரோஹிணி ஃபைலைப் பிரித்து ஏப்ரல் சீட்டை எடுத்தாள். ஏப்ரல் 11 என்று தேதி.

"மேல் வரின்னானே... தெரியலையேக்கா! கீழ ஏதோ ஹீட் பாயில்ஸ்... பவுடர்... இது புரியுது. மேல் வரி கோழி கிளறுன மாதிரி இருக்குது."

"அன்னைக்கு இன்னா நடந்துச்சுன்னு சொல்றேன் கேளு. கட்டி இருக்குது டாக்டர்னேன். அவரு என் தலையைப் பாத்துகினு ஏதோ கேட்டாரு. பதில் சொன்னேன். எழுதினாரு. பவுடர் குடுத்தாரு. மூணே நிமிஷம்."

"இதை வச்சு இன்னா பண்றது...?" ரோஹிணி சீட்டை மடித்தாள். "காப்பியும் இல்ல. திலீப்பும் இல்ல. நாளைக்கு அவங்க பேப்பர் வந்துட்டா நம்ம கேஸ் அவ்வளவுதான்க்கா."

"வரட்டும். இன்னா முளைச்சிருக்குதுன்னு பாப்போம்."

மறுநாள் காலை பதினொன்று. சித்தூர்.

பெயர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஜனங்கள் வாயில் அது கன்ஸ்யூமர் கோர்ட். நோயாளியின் நிலைமையைப் பார்த்து, தலைவர் இந்தக் கேஸை மட்டும் வேகமாக எடுத்திருந்தார். மேலே தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். கீழே ஒரு பக்கம் அம்சவேணி, ரோஹிணி, கன்னையா. எதிர்ப்பக்கம் டாக்டர் கமலக்கண்ணன், பிரபாகர்... அவர்களுடைய வக்கீல் லோகேஸ்வரன். வெள்ளிப் பிரேம் கண்ணாடி. வெண்ணெய் மாதிரிப் பேச்சு.

பிரபாகர் கழுத்தில் புத்தம்புது நீல நாடா!

"ஒரு முக்கியமான ஆவணம்," என்று லோகேஸ்வரன் எழுந்தார். "இத்தனை நாளும் வேறு ஃபைலில் கலந்து கிடந்தது. நேற்றுத்தான் கிடைத்தது. மார்ச் 14 அன்று இந்த அம்மாள் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். பயாப்ஸி செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இவர் மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் டாக்டர் இல்லை. இவரேதான்!"

தாளின் நகல் ரோஹிணி கைக்கு வந்தது.

"மார்ச்லயா? மார்ச்ல நான் அங்க போகவே இல்லையே!" அம்சவேணி முணுமுணுத்தாள்.

"கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்குதேக்கா..." ரோஹிணியின் குரல் இறங்கியது. "பதினாலாம் தேதி எங்க இருந்தீங்க? சாட்சி இருக்குதா?"

"வூட்லதான் இருந்தேன். வூட்ல இருக்கறதுக்கு யாரும்மா சாட்சி?"

தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து... ஆமாம், அச்சு அசல். தேதி மார்ச் 14. மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு அவள் போட்டோ. முழங்கை நீளச் சடையை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள். சடையில் கனகாம்பரம்.

அம்சவேணியின் விரல் அந்தச் சடைமேல் போய் நின்றது.

தொட்டது.

அழுகல் தெரிந்துவிட்டது!

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால். பிறகு வாய்விட்டு. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எந்துக்கம்மா நவ்வுத்துன்னாரு?" தலைவர் கண்ணாடியை இறக்கினார். ஏனம்மா சிரிக்கிறீர்கள் என்று கேட்கும் அந்தக் குரலில் கண்டிப்பு இருந்தது.

"க்ஷமிஞ்சண்டி சார்!" என்று மன்னிப்புக் கேட்ட அம்சவேணி, ரோஹிணியின் காதில் நான்கே வார்த்தை சொன்னாள்.

ரோஹிணியின் முகத்தில் பல்ப் எரிந்தது.

"மேனேஜரை நான் விசாரிக்கணும் சார்!"

பிரபாகர் கூண்டில் ஏறினான்.

"இந்த போட்டோ எப்போ எடுத்தது?"

"அதே நாள். மார்ச் பதினாலு. கவுன்டர்ல கேமரா இருக்குது. பேஷன்ட் வந்து நின்னா எடுக்கும்."

"பழைய போட்டோவை எடுத்துப் போட்டுட்டா?"

"சான்ஸே இல்ல! எங்க சிஸ்டத்துல ஒவ்வொரு தடவைக்கும் புது போட்டோ." பிரபாகர் நிமிர்ந்தான். "கையெழுத்து என்னுது இல்லைன்னு யாரும் சொல்லலாம். முகத்தை எப்படிம்மா இல்லைன்னு சொல்லுவீங்க?"

"இதுதான் எங்களின் அசைக்க முடியாத ஆதாரம்," என்றார் லோகேஸ்வரன் ஆனந்தமாக.

"ரொம்ப சந்தோஷம்." ரோஹிணி ஏப்ரல் சீட்டை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள். "இது அவங்களே ஒத்துக்கிட்ட சீட்டு. டாக்டர் எழுத்து எனக்குப் படிக்க வரலை. அவரே படிச்சிடட்டும் சார். மேல் வரியிலிருந்து."

டாக்டர் கமலக்கண்ணன் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். அலட்சியமாகப் படித்தார்.

"'மார்ச் பன்னிரண்டு... திருமலையில் மொட்டை போட்டிருக்கிறார்... முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது... தலையில் வேனல் கட்டி...'"

குரல் அந்த இடத்தில் நின்றது.

டாக்டரின் கண் சீட்டிலிருந்து எழுந்தது. மேஜைமேல் இருந்த மார்ச் 14 தாளுக்குப் போனது. சடைக்குப் போனது. கனகாம்பரத்துக்குப் போனது.

சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பன்னெண்டாம் தேதி மலையில மொட்டை," என்றாள் ரோஹிணி. "பதினாலாம் தேதி உங்க கவுன்டர்ல முழங்கை நீளத்துக்குச் சடை! ரெண்டே நாள்! எந்தக் கடையில டாக்டர் விக்கறாங்க அந்த எண்ணெய்?"

ஹாலில் சிரிப்பு வெடித்தது.

லோகேஸ்வரன் துள்ளி எழுந்தார். "அப்ஜெக்ஷன்! இந்தம்மாவுக்கு முடி கொட்டியது கீமோவால் என்று ஊருக்கே தெரியும்!"

"அது ரெண்டாவது மொட்டை சார்!" அம்சவேணி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "என் பொண்ணு பவ்யா டெங்குல சாகக் கெடந்தா. பொழைச்சா. மலைக்குப் போயி நேர்த்திக்கடன் குடுத்தேன். முதல் மொட்டை நானாக் குடுத்தது. ரெண்டாவது மொட்டை உங்க டாக்டர் குடுத்தது!"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ச... சவுரி வைத்திருக்கலாமே!" லோகேஸ்வரன் விடவில்லை.

"வச்சிருக்கலாம். இதையும் பாத்துடுங்க." ரோஹிணி மூன்றாவது தாளை எடுத்தாள். "ஜனவரி மாசம் முதல் தடவை போனப்போ அதே கவுன்டர் குடுத்த சீட்டு. இதுலயும் போட்டோ. அதே சடை. அதே கனகாம்பரம். தோள்ல அதே சேப்டி பின் அதே கோணல்ல. பின்னாடி போற நர்ஸோட பாதி முகமும் அதே! ஒவ்வொரு தடவைக்கும் புது போட்டோன்னாரு மேனேஜர். அப்போ அந்த நர்ஸம்மா ரெண்டு மாசமா அதே இடத்துல, ஒரு காலைத் தூக்கிகினு நிக்கறாங்களா?"

தலைவர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பேனாவை மூடினார்.

அந்தச் சின்ன 'டிக்' சத்தம் பிரபாகருக்கு இடி மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். கூண்டிலிருந்து இறங்கினான். கதவைப் பார்த்து வேகமாக நடந்தான்.

கதவு தானாகவே திறந்தது.

வெளியே திருப்பதி எஸ்.ஐ. நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அறுந்த நீல நாடா.

"திலீப் காலைல கண் முழிச்சுட்டான் சார். முதல்ல தண்ணி கேட்டான். ரெண்டாவதா உங்க பேரைச் சொன்னான்."

5

பதினெட்டாம் நாள் தீர்ப்பு வந்தது.

டாக்டரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நாற்பது லட்சம் கொடுக்க வேண்டும். பொய் ஆவணம் தயாரித்ததற்குத் தனியாக போலீஸ் விசாரணை. ரோஹிணி எல்லாவற்றையும் படித்தாள். அம்சவேணி ஒரே ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"'தாமதத்தில் நோயாளியின் தவறு எதுவும் இல்லை.'"

மூன்றாவது தடவை முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை. அதோடு சரி.

"அப்பீல் போவாங்கக்கா," என்றாள் ரோஹிணி.

"போவட்டும். எனக்கும் மூணு மாசத்துக்கு ஒருவாட்டி ஸ்கேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கும் போறேன், இதுக்கும் போறேன். ஃப்ரீ பஸ்ஸுதானே!"

அன்று பிற்பகல் இருவரும் திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கட்டிலில் திலீப். தலையில் பதினேழு தையல். தையல் போட வசதியாக முடியைச் சுத்தமாக வழித்திருந்தார்கள்.

மொட்டையும் மொட்டையும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன.

"துன்னியா?" என்றபடி ஆரஞ்சை உரித்தாள் அம்சவேணி. "ஏன்பா, அந்தப் பாவி உன்னைத் தள்ளிவுட்டானே, எங்களுக்காக எதுக்குப்பா உயிரைக் குடுக்கப் போன?"

திலீப் சுளையை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போலீஸ்ல சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

"சொல்லு."

"அந்தப் பொய்ப் பேப்பரைத் தயார் பண்ணது... நான்தான்."

ரோஹிணியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது.

"மேனேஜர்தான் செய்யச் சொன்னாரு. மாட்டேன்னா வேலை போயிடும்னாரு. உங்க கையெழுத்தை ஜனவரி சீட்டுலேர்ந்து எடுத்துப் போட்டேன். மார்ச்ல ஏதாவது ஒரு தேதி போடுடான்னாரு."

"பதினாலுன்னு நீயா போட்ட?"

"ஆமாக்கா. அதுக்கு முன்னாடி ஏப்ரல் சீட்டைப் பாத்தேன். ஆறு வருஷமா அந்த டாக்டர் கிறுக்கல் படிச்சுகினு இருக்கறேன், எனக்குத் தெரியும். மார்ச் பன்னெண்டுல மொட்டைன்னு இருந்துச்சு. பத்தாம் தேதி போட்டிருந்தா அந்தப் பேப்பர் இரும்பு மாதிரி நிக்கும். நீங்க தோத்திருப்பீங்க." எச்சில் விழுங்கினான். "அதான் பதினாலு போட்டேன். கம்ப்யூட்டர்ல உங்க ஏப்ரல் மொட்டை போட்டோவும் இருந்துச்சு. அதை வுட்டுட்டு, வேணும்னே ஜனவரி சடை போட்டோவை எடுத்து வச்சேன். மேனேஜர் தேதியைப் பாத்தாரு, கையெழுத்தைப் பாத்தாரு. சடையைப் பாக்கலை."

"அப்புறமும் மனசு கேக்கலை. நீங்க கவனிக்காம வுட்டுட்டா? அதான் போன் பண்ணேன். காப்பி எடுத்துகினு இருக்கும்போது மாட்டிகினேன்..."

அவன் கண்ணில் நீர் கோத்தது. "தப்புதான்க்கா. கேஸ் வரட்டும், ஜெயில் வரட்டும்... அதுக்கு முன்னாடி ஒருவாட்டி மலைக்கு நடந்தே ஏறி, நானும் முடி குடுத்துட்டு வந்துடறேன்."

அம்சவேணி அவனையே பார்த்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது.

பிறகு ஆரஞ்சுச் சுளையை அவன் வாயில் திணித்தாள்.

"முடி வளரட்டும், போயிட்டு வா. ஆனா மொட்டை போட்ட கையோட டாக்டர் கமலக்கண்ணன்கிட்டப் போயிக் காட்டி, தேதி போட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கோ... அந்த ஆளு வேற எதைக் கோட்டை வுட்டாலும், மொட்டையை மட்டும் கரெக்டா கண்டுபுடிச்சுடுவாரு!"